சொந்த ஜனம்னா என்ன? சீனாய்ல இருந்து செவ்வாய்ப்பேட்டை வரைக்கும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடியறப்போ சேலத்துல நிறைய சபைகள்ல வாக்குத்தத்த அட்டை கொடுப்பாங்க. தட்டுல குவிச்சு வச்சிருப்பாங்க, குடும்பம் குடும்பமா வந்து ஆளுக்கொன்னு எடுத்துக்கிட்டு போவாங்க. அந்த அட்டைகள்ல அடிக்கடி வர்ற வசனம் 1 பேதுரு 2:9. "தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி, ராஜரீகமான ஆசாரியக்கூட்டம், பரிசுத்த ஜாதி, அவருக்குச் சொந்தமான ஜனம்"னு நாலு பட்டம். எடுத்தவங்க முகத்துல ஒரு சந்தோஷம் தெரியும், தெரியணும் தான், ஏன்னா அந்த வருஷம் பூரா வட்டிக்காரன்கிட்டயும் முதலாளிகிட்டயும் பேச்சு வாங்குன மனுஷனுக்கு "நீ எனக்குச் சொந்தம்"னு கடவுள் சொல்றது சின்ன விஷயம் இல்ல. ஆனா அட்டைல இடம் பத்தாதுன்னு அந்த வசனத்தோட இன்னொரு பாதியை விட்டுடறாங்க. "வரவழைத்தவருடைய புண்ணியங்களை அறிவிக்கும்படிக்கு"ங்கற பாதி. எதுக்காக இந்தப் பட்டம்ங்கறது அங்கதான் இருக்கு. அதை விட்டுட்டா மிச்சம் இருக்கறது அந்தஸ்து மட்டும்தான், அந்தஸ்தை மட்டும் கையில எடுத்துக்கிட்டு போன சபைகள் வரலாற்றுல என்னென்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்துச்சு, பைபிளுக்குள்ள எப்படி வளந்துச்சு, நம்ம ஊர்ல இதை எப்படி வாழ முடியும்னு கொஞ்சம் விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

அந்தக் கடிதத்தை எழுதுன பேதுரு இதை புதுசா சொல்லல. அவர் யாத்திராகமம் 19-ஐ எடுத்துத்தான் பேசறாரு. எகிப்தை விட்டு வந்து மூணாவது மாசம், சீனாய் மலை அடிவாரத்துல கூடாரம் போட்டு உக்காந்திருக்கற ஒரு கூட்டம், நேத்து வரைக்கும் செங்கல் அறுத்தவங்க, அவங்ககிட்ட மோசே மூலமா சொல்லப்படுது: என் உடன்படிக்கையைக் கைக்கொண்டா "சகல ஜனங்களிலும் நீங்களே எனக்குச் சொந்த சம்பத்தாயிருப்பீர்கள், பூமியெல்லாம் என்னுடையது". அடுத்த வரியில ஆசாரிய ராஜ்யம், பரிசுத்த ஜாதி.

இதுல வரிசையை கவனிக்கணும். 4-ம் வசனத்துல முதல்ல, நான் எகிப்தியருக்கு என்ன செஞ்சேன்னு பாத்தீங்க, உங்களைக் கழுகு செட்டை மேல சுமந்துக்கிட்டு வந்தேன்னு சொல்றாரு. அதுக்கு அப்பறம் தான் "சொந்த சம்பத்து". பத்துக் கட்டளை வர்றது அதுக்கும் அடுத்த அதிகாரத்துல. அதாவது விடுதலை முதல்ல, உறவு ரெண்டாவது, சட்டம் மூணாவது. நல்லா நடந்தா சேத்துக்குவேன்னு எங்கயும் இல்ல, தூக்கிட்டு வந்தாச்சு, இப்ப என்னோட வாழுங்கன்னு தான் இருக்கு. அந்தக் காலத்துல இன்னைக்கு துருக்கி இருக்கற பக்கம் ஆண்ட ஏத்திய பேரரசர்கள் சின்ன ராஜாக்களோட போட்ட ஒப்பந்தங்கள் நிறைய களிமண் பலகைல கிடைச்சிருக்கு, அதுலயும் கிட்டத்தட்ட இதே வரிசை, முதல்ல பெரிய ராஜா தான் செஞ்ச உதவியெல்லாம் சொல்லுவாரு, அப்பறம் தான் நிபந்தனைகள். இன்னைக்கு சிரியா கடலோரம் இருக்கற உகாரித் பட்டணத்தை 1929-ல இருந்து தோண்டுனாங்க, அங்க கிடைச்ச ஒரு கடிதத்துல பேரரசர் உகாரித் ராஜா அம்முராபியை தன்னோட ஊழியன், தன்னோட சொந்தப் பொக்கிஷம்னு சொல்றாரு. சீனாய்ல இருந்தவங்க காதுக்கு இது புதுப் பேச்சா இருந்திருக்காது. ஆனா ஒரு பெரிய வித்தியாசம், அந்த மாதிரி பட்டம் அரண்மனைல ராஜாவுக்குக் கிடைக்கும், இங்க அடிமைகளா இருந்த ஒரு ஜனம் மொத்தத்துக்கும், பொம்பளைங்க, குழந்தைங்க, அவங்களோட கூடவே கிளம்பி வந்த பல ஜாதி ஜனங்கள்னு யாத்திராகமம் 12:38-ல சொல்ற கும்பல் உட்பட, எல்லாருக்கும் கிடைக்குது.

சொந்த சம்பத்துன்னா என்னன்னு பைபிள்லயே ஒரு இடத்துல கண்ணுக்கு முன்னாடி காட்டியிருக்கு. 1 நாளாகமம் 29. தாவீது வயசாயிட்டாரு, ஆலயத்துக்கு அரசாங்கப் பணம் எல்லாம் ஒதுக்கி வச்சாச்சு. அதுக்கு மேல, என்கிட்ட எனக்குன்னு இருக்கற பொன்னும் வெள்ளியும் இருக்கு, அதையும் தர்றேன்னு சொல்றாரு, 3,000 தாலந்து ஓப்பீர் தங்கம், 7,000 தாலந்து சுத்த வெள்ளி. ஒரு ராஜாவுக்கு நாடு முழுக்க அவருதுதான், ஆனாலும் தனக்கேன்னு ஆசையா சேத்து வச்ச ஒரு பெட்டி இருக்கும்ல, அதுதான் இந்த சம்பத்து. "பூமியெல்லாம் என்னுடையது"ன்னு சொல்லிட்டு நீங்க எனக்குச் சொந்த சம்பத்துன்னு அதே வாய் சொல்றதோட அர்த்தம் இதுல விளங்குது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற ஒன்னு. தாவீது அந்தப் பெட்டியை என்ன பண்ணாரு? பூட்டி வைக்கல, ஆலயத்துக்காக முழுசா கொட்டிட்டாரு. ராஜாவோட சொந்தப் பொக்கிஷம் எல்லாருக்கும் பயன்படற இடத்துல போய்ச் சேந்துச்சு. தெரிந்துகொள்ளப்பட்ட ஜனத்தோட கதையும் இதுதான்னு நான் நம்பறேன், கடவுள் அவங்களை பிரியமா எடுத்து வச்சாரு, எடுத்து வச்சது செலவழிக்கறதுக்காக.

சரி, ஏன் இவங்களை? உபாகமம் 7:7 நேரா பதில் சொல்லுது, நீங்க திரட்சியான ஜனம்னு இல்ல, "நீங்கள் சகல ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள்". அடுத்த வசனம் கர்த்தர் உங்கள்ல அன்பு வச்சதுனாலயும் பிதாக்களுக்கு ஆணையிட்டதுனாலயும்னு முடிச்சிடுது. அன்பு வச்சேன் ஏன்னா அன்பு வச்சேன், அவ்வளவுதான் காரணம். ரெண்டு அதிகாரம் தள்ளி 9-ல இன்னும் கண்டிப்பா, உன் நீதியினால இந்த தேசம் கிடைக்கல, நீ வணங்காக் கழுத்துள்ள ஜனம்னு முகத்துக்கு நேரா சொல்லுது. எண்ணிக்கையும் காரணம் இல்ல, நல்ல குணமும் காரணம் இல்ல, அப்ப பெருமை பேச என்ன மிச்சம் இருக்கு? நம்ம பக்கத்துல குடும்பப் பெருமை பேசாத வீடு இல்ல, எங்க தாத்தா யாரு தெரியுமா, எங்க குலம் என்ன தெரியுமான்னு. தன்னோட தாத்தாவை இவ்வளவு மட்டம் தட்டி எழுதி வச்சு, அதையே வேதமா வாசிச்ச ஒரு ஜனம் உலகத்துல அபூர்வம்.

ஆசாரிய ராஜ்யம்ங்கறது தான் இதோட சாவி. ஆசாரியன்னா கடவுளுக்கு முன்னாடி மத்தவங்க சார்பா நிக்கறவன். இஸ்ரவேல்ல லேவி கோத்திரத்தை தனியா பிரிச்சு வச்சாங்க, அவங்களுக்கு மத்தவங்க மாதிரி நிலம் பங்கு கிடையாது, கர்த்தரே அவங்க பங்குன்னு எண்ணாகமம் 18:20-ல ஆரோனுக்குச் சொல்லியிருக்கு. பிரிச்சு வச்சது வசதிக்காக இல்ல, மத்த பதினோரு கோத்திரத்துக்காகவும் நிக்கறதுக்கு. பிரதான ஆசாரியன் மார்ப்பதக்கத்துல 12 கல்லு, நாலு வரிசையா மூணு மூணு, ஒவ்வொரு கல்லுலயும் ஒரு கோத்திரத்து பேரு முத்திரை வெட்டற மாதிரி வெட்டியிருக்கும். அதுபோக ரெண்டு தோள்லயும் ரெண்டு கோமேதகக் கல்லு, கல்லுக்கு ஆறு பேரு. உள்ள போகும்போது தன் பேரை அவர் சுமந்துக்கிட்டுப் போகல, எல்லார் பேரையும் நெஞ்சு மேலயும் தோள் மேலயும் தூக்கிட்டுப் போறாரு. இப்ப ஒரு ஜனம் முழுக்க ஆசாரியர்கள்னா, அவங்க யார் பேரைத் தூக்கணும்? மிச்ச உலகத்தோட பேரை. ஆபிரகாமை கூப்பிட்டப்பவே ஆதியாகமம் 12:3-ல பூமியின் வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்னு சொல்லித்தான் ஆரம்பிச்சுது.

இங்க ஒரு சின்ன கிளைப் பேச்சு. பைபிள்ல சாலேம்னு ஒரு ஊர் வருது, ஆதியாகமம் 14, அதோட ராஜா மெல்கிசேதேக்கு. நம்ம சேலத்துக்கும் அந்த சாலேமுக்கும் சம்பந்தம் கிடையாது, சங்கீதம் 76 அதை சீயோனோட சேத்துப் பேசுது, எருசலேம்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க. ஆனா சேலத்துக்காரங்க எல்லாரும் சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல அந்த அதிகாரம் வந்தா நிமிர்ந்து உக்காருவோம். அதுல முக்கியமானது பேரு இல்ல. தெரிந்துகொள்ளப்பட்டவரு ஆபிரகாம், ஆனா ஆசீர்வாதம் கொடுக்கறது மெல்கிசேதேக்கு, ஆபிரகாம் குடும்பத்துக்கு வெளிய இருக்கற ஒரு ஆசாரியன். அப்பமும் திராட்சரசமும் கொண்டு வந்து வைக்கறாரு, ஆபிரகாம் அவருக்கு தசமபாகம் கொடுக்கறாரு. தேர்ந்தெடுப்பு ஆரம்பமாகி ரெண்டே அதிகாரத்துல, கடவுளை அறிஞ்சவன் நான் ஒருத்தன் தான்னு ஆபிரகாம் நினைக்க வழி இல்லாமப் போயிடுச்சு. இந்த இடத்தை நம்ம பிரசங்கங்கள்ல இன்னும் கொஞ்சம் நின்னு பேசலாம்னு தோணும்.

அடுத்து பரிசுத்தம். தனியா பிரிக்கப்பட்டவங்கன்னா எதுல தனி? லேவியராகமம் 19 "பரிசுத்தராயிருங்கள்"னு ஆரம்பிக்குது, நம்ம உடனே உபவாசம், வெள்ளை டிரெஸ், நகை கழட்டறதுன்னு நினைப்போம். அந்த அதிகாரத்தை வரிசையா படிச்சுப் பாருங்க. அப்பா அம்மாவுக்கு பயந்து நட. வயல் ஓரத்தை முழுசா அறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும், அதாவது வெளிய இருந்து வந்து தங்கறவனுக்கும், விடு. கூலிக்காரன் கூலி விடியற வரைக்கும் உன்கிட்ட இருக்கக் கூடாது. செவிடனைத் திட்டாத, குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காத. உன்னோட தங்கற பரதேசியை உன்னைப் போல நேசி. கடைசியா, "சுமுத்திரையான தராசு, சுமுத்திரையான நிறைகல்". சுமுத்திரைன்னா சரியான, நேர்மையான அளவு. பரிசுத்தம் தராசுல வந்து நிக்குது.

சேலத்துல தராசுன்னா செவ்வாய்ப்பேட்டை தான் ஞாபகம் வரும். அங்கயும் பனங்காடு, சிவதாபுரம் பக்கமும் வீட்டுக்கு வீடு கொலுசு வேலை. வீட்டு முன் ரூம்தான் பட்டறை. ஒரு பக்கம் மூசையில வெள்ளி உருகிட்டு இருக்கும், சுத்த வெள்ளி உருக 960 டிகிரி கிட்ட சூடு வேணும், வெங்காரம் போட்டா அழுக்கு மேல ஏடு கட்டி ஒதுங்கும். இன்னொரு வீட்டுல கம்பி இழுக்கறாங்க, இன்னொரு வீட்டுல பொம்பளைங்க உக்காந்து கண்ணியை ஒவ்வொன்னா கோத்து பொடி வச்சு பத்த வைப்பாங்க, அந்த ஊதற நெருப்பு கொஞ்சம் தவறுனா கண்ணி கரைஞ்சே போயிடும், மெருகு போடறது வேற ஆளு. எல்லா இடத்துலயும் தராசு இருக்கும், வெள்ளி ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போறப்போ எடை போட்டு கொடுப்பாங்க, எடை போட்டு வாங்குவாங்க, சேதாரம் எவ்வளவுன்னு கணக்கு எழுதுவாங்க. ஒரு கொலுசு முடியறதுக்குள்ள அத்தனை பேர் நம்பிக்கை அதுல ஓடியிருக்கும். வேலைக்குக் கொடுத்த வெள்ளியில ஒரு கிராம் ஒதுக்கறதும், கூலியை "அடுத்த வாரம் வாங்கிக்கம்மா"ன்னு தள்ளறதும் அந்தத் தொழில்ல எவ்வளவு சுலபம்னு அங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். லேவியராகமம் 19 பேசற பரிசுத்தம் அந்த ரூமுக்குள்ள அந்த தராசுத் தட்டுல நடக்கற ஒன்னு.

மல்கியா 3-ம் அதிகாரத்தை இங்க வச்சுப் படிச்சா இன்னும் நெருக்கமா இருக்கும். 3-ம் வசனத்துல கர்த்தர் வெள்ளியைப் புடமிடறவர் மாதிரி உக்காந்து லேவியின் புத்திரரைச் சுத்திகரிக்கறாரு. வெள்ளில தன் முகம் தெரியற வரைக்கும் தட்டான் பாத்துக்கிட்டே இருப்பான்னு பிரசங்கத்துல சொல்வாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா வசனத்துல அது இல்ல. வசனத்துல இருக்கறது "உட்கார்ந்து". அடுப்புல போட்டுட்டு எழுந்து போயிடறவர் இல்ல, கூடவே உக்காந்திருக்கறவர். எனக்கு அது போதும். அப்பறம் 5-ம் வசனம், யார் மேல நியாயத்தீர்ப்பு வரும்னு ஒரு லிஸ்ட், அதுல சூனியக்காரன், விபசாரன், பொய்யாணை இடறவனோட சேத்து கூலிக்காரன் கூலியை அபகரிக்கறவன், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்கறவன், பரதேசிக்கு அநியாயம் பண்றவன் எல்லாரும் ஒரே வரிசையில. அதுக்கப்பறம் 17-ல தான் "என் சம்பத்தை நான் சேர்க்கும் நாளிலே அவர்கள் என்னுடையவர்களாயிருப்பார்கள்". சீனாய்ல சொன்ன அதே சம்பத்து. இந்த மூணையும் ஒரே அதிகாரத்துல வச்சிருக்கு, புடம், கூலி, பொக்கிஷம். நடுவுல இருக்கற கூலி வசனத்தை தாண்டிக் குதிச்சுப் போய் பொக்கிஷத்தை மட்டும் எடுத்துக்க முடியாது.

தீர்க்கதரிசிகள் இந்தப் பட்டத்தை வச்சு ஜனத்தை குளிர வைக்கல. தெக்கோவாவுல மந்தை மேய்ச்சிட்டு இருந்த ஆமோஸ், கி.மு. 8-ம் நூற்றாண்டு, ரெண்டா பிரிஞ்ச இஸ்ரவேலோட வடக்கு ராஜ்யம் நல்லா சம்பாதிச்சிட்டு இருந்த காலம், அங்க போய் நின்னு கடவுள் சொன்னதா சொல்றாரு: எல்லா வம்சத்துலயும் உங்களை மட்டும் அறிஞ்சுக்கிட்டேன், ஆகையால் உங்க அக்கிரமம் எல்லாத்துக்காகவும் உங்களைத் தண்டிப்பேன். அந்த "ஆகையால்" கேட்டவங்களுக்கு இடி மாதிரி விழுந்திருக்கும், அவங்க எதிர்பாத்தது "ஆகையால் காப்பாத்துவேன்". 9:7-ல இன்னும் ஒரு படி மேல போறாரு, உங்களை எகிப்துல இருந்து கொண்டு வந்த மாதிரி பெலிஸ்தரை கப்தோர்ல இருந்தும் சீரியரை கீர்ல இருந்தும் நான்தான் கொண்டு வந்தேன்னு. எதிரிகளுக்கும் ஒரு யாத்திராகமம் இருக்காம். ஏசாயா 19 முடியற இடம் அதைவிட பெருசு, எகிப்தியரை "என் ஜனம்", அசீரியரை "என் கரத்தின் கிரியை", இஸ்ரவேலை "என் சுதந்தரம்"னு மூணு பேரையும் ஒரே மூச்சுல ஆசீர்வதிக்குது. அடிமையா வச்சிருந்த நாடும், ஊரையே எரிச்சுட்டுப் போன நாடும் அந்த செல்லப் பேருக்குள்ள வந்துடறாங்க.

இதெல்லாம் பின்னாடி இருக்கறதுனாலதான் பேதுரு தைரியமா அந்தப் பட்டங்களை எடுத்து பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியான்னு இன்னைக்கு துருக்கி இருக்கற பக்கம் சிதறிக் கிடந்தவங்களுக்குக் கொடுக்கறாரு. அவங்கள்ல நிறைய பேர் யூதர் இல்ல, அதனால ஓசியாவை எடுத்து "முன்னே நீங்கள் தேவனுடைய ஜனங்களாயிருக்கவில்லை, இப்பொழுதோ அவருடைய ஜனங்களாயிருக்கிறீர்கள்"ங்கறாரு. ஓசியா தன் குழந்தைக்கே "என் ஜனமல்ல"ன்னு பேரு வைக்க வேண்டி வந்த மனுஷன், அந்தப் பேரு அழிஞ்சு மாறும்னு சொன்ன வாக்குக்குள்ள தான் நம்ம எல்லாரும் நுழைஞ்சிருக்கோம். வேலைக்காரங்க, அவிசுவாசியான புருஷனோட வாழற மனைவிகள்னு அந்தக் கடிதம் பேசற ஆளுங்களைப் பாத்தா பெரிய இடத்து ஆளுங்க மாதிரி தெரியல. அவங்களை ஊரை விட்டு வெளிய வாங்கன்னு பேதுரு சொல்லவே இல்ல. அடுத்த மூணு வசனத்துக்குள்ள, உங்களைத் திட்டறவங்க உங்க நல்ல நடக்கையைப் பாக்கணும்னு சொல்றாரு. பக்கத்து வீட்டுல இருந்தாத்தானே பாக்க முடியும்.

அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு வெளியாள் ஒருத்தரோட சாட்சியே இருக்கு. கி.பி. 112 வாக்குல பித்தினியா பொந்துவுக்கு கவர்னரா இருந்த பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு கிறிஸ்தவர்களைப் பத்தி கடிதம் எழுதுனாரு. அவங்களை விசாரிச்சு, ரெண்டு அடிமைப் பொம்பளைங்களை சித்திரவதை பண்ணி, கடைசியில அவருக்குத் தெரிஞ்சது என்னன்னா, ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடி கிறிஸ்துவைப் பாடறாங்க, திருட மாட்டோம், விபசாரம் பண்ண மாட்டோம், சொன்ன சொல் தப்ப மாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டோம்னு ஆணை பண்ணிக்கறாங்க, அவ்வளவுதான். பேதுரு கடிதம் போன அதே மாகாணம். பிரிக்கப்பட்ட ஜனம்னா யாருன்னு ஒரு ரோம அதிகாரி ஃபைல்ல எழுதி வச்சது, நம்பிக் கொடுத்த பொருளை ஏமாத்தாதவங்க. கொலுசுப் பட்டறைக்காரங்களுக்கு இந்த வரி எவ்வளவு கனமா இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

அப்ப ஒதுங்கிப் போறதே தப்பான்னு கேட்டா, இல்ல. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுனா ஏற்காடு, அங்க கத்தோலிக்க துறவற இல்லங்கள், தியானத்துக்கு வர்ற இடங்கள் இருக்கு, காபித் தோட்டத்துக்கு நடுவுல மிளகுக் கொடி ஏறுன சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில மூணு நாள் மௌனமா இருந்துட்டு வந்தா மனசு ஒரு நிலைக்கு வரும், இயேசுவும் மலைக்குத் தனியா ஏறிப் போனவர்தான். ஆனா ஏறுனவர் இறங்கி வந்தாரு. ஏற்காட்டுல மான்ட்ஃபோர்ட் பள்ளியை 1917-ல இருந்து நடத்தறவங்க துறவற சகோதரர்கள், கல்யாணம் பண்ணிக்காம தன்னை முழுசா ஒதுக்கிக்கிட்டவங்க, ஒதுக்குனது மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க. பிரிஞ்சு இருக்கறதும் ஊருக்குள்ள இருக்கறதும் ஒரே ஆளுக்குள்ள எப்படி சேரும்னு கேக்கறவங்களுக்கு இது ஒரு நல்ல உதாரணம். எனக்குக் கவலை வேற வகை ஒதுங்கல் மேல தான், பக்கத்து வீட்டுப் பொங்கலுக்கு வாசல்ல நின்னு வாழ்த்துக்கூட சொல்லாம கதவைச் சாத்திக்கறது, அவங்க வீட்டு சாவுக்குப் போகாம இருக்கறது, அதை பரிசுத்தம்னு சொல்லிக்கறது. பேதுரு 3:15-ல பதில் சொல்லும்போது சாந்தமும் வணக்கமும் வேணும்னு சொன்னவரு, கதவைச் சாத்துனா யாருக்குப் பதில் சொல்றது?

இப்ப கஷ்டமான பகுதி. லண்டன் மிஷன் சேலத்துல வேலை ஆரம்பிச்சது 1827, கத்தோலிக்க சேலம் மறைமாவட்டம் உருவானது 1930. அதுக்கெல்லாம் முன்னாடியே, தரங்கம்பாடியில புதிய ஏற்பாடு தமிழ்ல 1715-ல அச்சாயிடுச்சு, பேதுருவோட இந்த வசனமும் அதோட நம்ம கைக்கு வந்துடுச்சு. ஆனா வசனம் வந்த ஆலயங்களுக்குள்ளேயே ஒரு பக்கம் இந்த சாதி, இன்னொரு பக்கம் அந்த சாதின்னு உக்காந்தாங்க, திருவிருந்துலயும் பேதம் இருந்துச்சு. 1833-ல கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வேறுபாடு உடனே, முழுசா, இனி எப்பவும் இல்லாமப் போகணும்னு சுற்றறிக்கை விட்டாரு, தஞ்சாவூர்ல பெரிய எதிர்ப்பு, நிறைய பேர் சபையை விட்டே ஒதுங்கிட்டாங்க. இன்னைக்கும் தமிழ்நாட்டுல சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சுவர் இருக்கு. மாப்பிள்ளை தேடற விளம்பரத்துல கிறிஸ்தவம்ங்கற வார்த்தைக்குப் பக்கத்துலயே சாதிப் பேரு உக்காந்திருக்கு. இதை எழுதறப்போ எனக்குக் கோவம் வருது, வரணும்னும் நினைக்கறேன். உன்கிட்ட இருந்த எதுக்காகவும் உன்னைத் தெரிஞ்சுக்கலன்னு உபாகமம் சொன்ன அந்த ஒரே ஜனத்துக்குள்ள, பிறப்பை வச்சு இன்னொருத்தனை தள்ளி உக்கார வைக்கறது, அந்தத் தேர்ந்தெடுப்பையே மறுதலிக்கறது. தென்னாப்பிரிக்காவுலயும் இதே மாதிரி தான், தங்களை தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம்னு நினைச்ச வெள்ளைக்காரங்க நிறவெறி சட்டத்துக்கு பைபிள்ல ஆதாரம் தேடுனாங்க, 1982-ல ஒட்டாவாவுல கூடுன உலக சீர்திருத்த சபைகள் கூட்டமைப்பு அந்த உபதேசத்தை வேதப் புரட்டுன்னு அறிவிச்சுது. யூதர்களை கடவுள் கை விட்டுட்டாரு, அந்த இடம் எங்களுக்குன்னு பேசுன ஐரோப்பிய சபைகளோட பேச்சு எவ்வளவு ரத்தத்துக்குத் துணை போச்சுங்கறதும் தெரிஞ்ச கதை. பவுல் ரோமர் 11:18-லயே, நீ வேரைத் தாங்கல, வேர்தான் உன்னைத் தாங்குது, கிளைகளுக்கு விரோதமா பெருமை பாராட்டாதன்னு ஒட்டுப்போட்ட காட்டு ஒலிவமரக் கிளைக்குச் சொல்லிட்டுத்தான் போனாரு. யூதர்களைக் கடவுள் தள்ளிடலன்னு கத்தோலிக்க திருச்சபை ரெண்டாம் வத்திக்கான் சங்கத் தீர்மானமா வெளிப்படையா சொல்ல 1965 வரைக்கும் ஆச்சு.

கடைசியா எப்பவும் வர்ற கேள்வி ஒன்னு இருக்கு, வாலிபர் கூட்டத்துல கண்டிப்பா யாராவது கேப்பாங்க. "அண்ணா, நம்மளைத் தெரிஞ்சுக்கிட்டாருன்னா, மத்தவங்களை வேண்டாம்னு விட்டுட்டாரா?" கேக்கற பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் அப்பா வேற நம்பிக்கையா இருப்பாரு, இல்ல உயிர் ஃபிரெண்டு வேற மதமா இருப்பான், அது புத்தகக் கேள்வி இல்ல. கால்வின் வழி, யாரைத் தெரிஞ்சுக்கறதுன்னு கடவுள் முன்னாடியே முடிவு பண்ணிட்டாருன்னு சொல்லும், வெஸ்லி வழி, அழைப்பு எல்லாருக்கும், அதுக்கு மனுஷன் பதில் சொல்லணும்னு சொல்லும், ரெண்டு பக்கமும் வசனம் வச்சிருக்காங்க, அந்த விவாதம் நானூறு வருஷத்துக்கு மேல ஓடுது. அதை இங்க தீர்த்து வைக்க நான் வரல. ஆனா அந்த விவாதம் எப்பவும் தொடங்கற ரோமர் 9-ஐ முதல் வசனத்துல இருந்து படிங்கன்னு சொல்வேன். பவுல் தேர்ந்தெடுப்பைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி அழறாரு. மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் எனக்கு இருக்கு, என் சகோதரருக்காக நானே கிறிஸ்துவை விட்டு சபிக்கப்பட்டவனாகக் கூட வேண்டிக்குவேன்ங்கறாரு. மோசேயும் அப்படித்தான், பொன் கன்னுக்குட்டி செஞ்ச ஜனத்துக்காக, இவங்களை மன்னிக்கலன்னா உம்முடைய புஸ்தகத்துல இருந்து என் பேரைக் கிறுக்கிப் போடும்னு யாத்திராகமம் 32-ல கேட்டாரு. ஆபிரகாம் சோதோமுக்காக ஐம்பதுல இருந்து பத்து வரைக்கும் பேரம் பேசுனாரு, சோதோம் அவர் ஊரும் இல்ல, அவர் ஜனமும் இல்ல. மூணு அதிகாரம் முழுக்க மல்லுக்கட்டி பவுல் வந்து சேர்ற இடம் 11:32, எல்லார் மேலும் இரக்கமா இருக்கறதுக்காகத்தான்னு. அதுக்கு மேல அவரால விளக்க முடியல, ஆ, தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்ன ஆழம்னு பாட ஆரம்பிச்சுடறாரு.

எங்க வீதி ஜெபக்கூட்டத்துல ரோமர் 9 எடுக்கற வாரம், முதல்ல ஆளுக்கொரு பேரு சொல்லச் சொல்வோம், வீட்டுல, தெருவுல, வேலை இடத்துல இன்னும் விசுவாசத்துக்கு வராத யாரோ ஒருத்தர் பேரு. அந்தப் பேரெல்லாம் வச்சு ஜெபிச்சு முடிச்சதுக்கு அப்பறம் தான், கடவுள் தான் விரும்பறவன் மேல இரங்கறாரு, தான் விரும்பறவனைக் கடினப்படுத்தறாருன்னு சொல்ற 18-ம் வசனத்தைப் பத்தி யாராவது வாதம் பண்ணணும்னா பண்ணலாம். பெரும்பாலும் ஜெபம் முடியவே ஒன்பதரை மணி ஆயிடும்.